வண்டிமாடுகள் சேர்த்து வைத்த வம்சம்

அவைக்குத் தலைமை தாங்கி, அந்தத் தலைமையைவிடக் கனமான மாலையைத் தாங்கி, மாலையைவிடக் கனமான மீசையையும் தாங்கி வீற்றிருக்கும் இளையரசனேந்தல் பெரியவர் நல்லக்கண்ணு அவர்களே! அவர் பக்கத்திலேயே அமர்ந்து, பல ஆண்டுகளாக அவர் பக்கமே திரும்பாத கரிவலம்வந்தநல்லூர் சங்கரசுப்பு அவர்களே! வெயிலைப் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே! வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கோமதியம்மன் குடிகொண்ட இந்தச் சங்கரன்கோவில் மண்ணில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இந்தக் கைலாசத்தை எதற்கு அழைத்தார்கள்? அறிவுக்காகவா? அழகுக்காகவா? இல்லை! அடித்தொண்டைக்காக! தலைவரின் மகன் சுடலைமுத்துவும் சங்கரசுப்புவின் மகள் வள்ளித்தாயும் ஆடித்தபசுக் கூட்டத்தில் கண்டார்கள், கண்டதும் பிடித்தது, கல்யாணம் என்றார்கள். பிறகல்லவா பிள்ளைகளுக்குத் தெரிந்தது, இரு வீட்டாரும் ஒரே சாஸ்தாவைக் கும்பிடும் பங்காளிகள் என்று! பங்காளி வீட்டில் பெண்ணெடுக்கலாமா? கூடாது! ஆகவே பெரியவர்கள் இருவரும், பேசிக்கொள்ளாமலே ஒன்றுபட்டு, எனக்கு ஆளனுப்பினார்கள்.

"ரெண்டு குடும்பமும் ஒரே ரத்தம்னு மேடையில வம்சத்தைச் சொல்லும் வே. அதோட இந்தப் பேச்சு முடியட்டும்."

அன்றிலிருந்து வள்ளித்தாய் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் தாய் மாரித்தாய் என்னிடம் வந்து அழுதார். நானும் கலங்கித்தான் போனேன்.

வம்சத்தைத் தேடினேன். கரிவலத்தில் கேட்டால், "இளையரசனேந்தல்ல கேளும்" என்றார்கள். இளையரசனேந்தலில் கேட்டால், "கரிவலத்துல கேளும்" என்றார்கள். கேட்டுக் கேட்டு, தலைவரின் தந்தைக்கு அந்நாளில் வண்டியோட்டிய பெருமாள்சாமியிடம் போய்ச் சேர்ந்தேன்.

அந்தத் தந்தையார், பங்குனி உத்திரத்தன்று, அதுவரை பார்த்தேயிராத தம் சாஸ்தாவைக் கும்பிட வாசுதேவநல்லூர் மலையடிவாரத்துக்கு வண்டி கட்டினார். வண்டிக்குள் அவர் உறங்கினார். வண்டியோட்டியும் உறங்கினார். உறங்காதவர் யார்? மாடுகள்! மேற்கே போகவேண்டிய மாடுகள் வடக்கே திரும்பி, கரிவலத்துக் குளத்தங்கரையில் பசும்புல்லைக் கண்டு நின்றன. அங்கே ஒரு சாஸ்தா! அங்கே ஒரு கூட்டம்! அங்கே ஒரு பந்தி!

"உத்திரத்துக்கு வந்தியளா?"

"ஆமா."

"அப்ப நம்ம பங்காளி! இலையைப் போடுலே!"

தீர்ந்தது வம்ச வரலாறு!

யாரப்பா அங்கே, "பொய்" என்பது? பெருமாள்சாமி அண்ணாச்சி, நீரே எழுந்து சொல்லும்.

"வழி தப்புனது மறுவருசமே எனக்குத் தெரியும்யா. அந்தச் சாஸ்தா கோயில் காவல் மாடனுக்கு வெட்டுன கெடாக்கறி நல்லாருந்துச்சு. வாய மூடிக்கிட்டேன்."

கேட்டீர்களா? அந்தக் கறிக்காக, யாரோ ஒருவர் இறந்ததற்கு நம் தலைவர் மீசையை எடுத்தார்! யாரோ வீட்டுத் தீட்டுக்குத் தம் வீட்டுப் பொங்கலை நிறுத்தினார்! கிடாத்தலை யாருக்கு என்று யாரோடோ உருண்டு புரண்டார்! பரம்பரைப் பகையாம், பங்காளிப் பகையாம், பங்காளியே இல்லாமல்!

தலைவர் எழுந்துவிட்டார். என்ன ஐயா?

"ஏ வே, அப்ப அவுக அப்பாவுக்காக நான் எடுத்த மீசை?"

அதுதான் வளர்ந்துவிட்டதே ஐயா! சங்கரசுப்பு அவர்களும் ஏதோ கேட்கிறார்.

"பங்காளி இல்லன்னா, இத்தன வருசமா நான் யார்கிட்ட வே பேசாம இருந்தேன்?"

சம்பந்தியிடம் ஐயா, சம்பந்தியிடம்!

பெரியோர்களே! புல்லைத் தேடிப் போன மாட்டுக்குப் பின்னால் ஒரு தலைமுறையே நடந்தோமே, ஒரு பெண்ணின் கண்ணீருக்காக ஓரடி நடக்க மாட்டோமா? மழித்த மீசைக்கு நியாயம் கேட்கிறோமே, மறுகி நிற்கும் மகளுக்கு நியாயம் கேட்பது யார்? மாடுகள் போட்ட முடிச்சை மனிதர்கள் அவிழ்க்கக் கூடாதா?

சற்று அமைதி! தாய்மார் பக்கத்தில் யாரோ எழுந்து நிற்கிறார்கள். வள்ளித்தாய்! இனி நல்லக்கண்ணுவைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் அதட்டி வைத்த பெண். சொல் தாயே.

"மாமா..."

தலைவர் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைக்கிறார். ஏதோ சொல்கிறார், கேளுங்கள்.

"ஏட்டி, இன்னுஞ் சத்தமாக் கூப்பிடு. ஒங்கப்பனுக்குக் கேக்கட்டும்."

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு நன்றி. பங்காளிகளாக வந்து அமர்ந்தவர்களே, சம்பந்திகளாக எழுந்திருங்கள்! வணக்கம்!