பனிக்கு அடியில் எண்ணெய்

ரஷ்யா உடைந்த மறுவருஷம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர்.

"மச்சான், ரஷ்யாவுல வடக்க பனிக்காட்டுல எண்ணெய்க் கிணறு தோண்டப் போறாங்களாம். துபாய் மாப்பிள்ள பங்கு வாங்கச் சொல்லுதாரு."

"எண்ணெய் வந்துருச்சா?"

"இனிமேதான் போர் போடணும்."

"உள்ளங்கையில தேங்காய வச்சு பூமிக்குள்ள ஓட்டம் பாத்தாங்களா?"

"அங்க ஏது தேங்காய்? மெஷின வச்சுப் பாப்பாங்க."

"தேங்காய் நிமிந்து நின்னுச்சு, அடியில தண்ணி இருக்குன்னுதான் தேவதானம் தோட்டத்துல மூணு போர் போட்டேன். மூணுலயும் புழுதிதான் வந்துச்சு."

"அப்ப வேண்டாங்கியா?"

நான் இறங்க வேண்டிய மம்சாபுரம் விலக்கு வந்தது. பதில் தெரியாமல் எப்படி இறங்குவது?

"எண்ணெய்க்குப் பதிலா தண்ணி வந்துட்டா, நம்ம தோட்டம் வரைக்கும் ஒரு பைப்பு இழுத்து விடுவாங்களான்னு கேளு. விட்டா, நானும் ரெண்டு பங்கு வாங்கிக்கிடுதேன்."