கேத்தோ தங்கிய அறை

இந்த ஊரில் ஒரு பியானோவை நல்லபடியாக வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. மழைக்காலத்தில் கட்டைகள் ஊதிக்கொள்ளும், அழுத்தினால் எழுந்து வராது. அதனால் என் வீட்டுக் கூடத்தில் ஏசியை நிறுத்துவதில்லை, ஜன்னல்களைத் திறப்பதும் இல்லை. நீங்கள் வந்து பார்த்தபோது எல்லாம் ஏன் அடைத்துக் கிடக்கிறது என்று கேட்டீர்கள். காரணம் அதுதான். வேறு எதையும் நினைக்க வேண்டாம்.

கேத்தோவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். சொல்கிறேன். என்னைப் பற்றி முதலில் சொன்னால்தான் அவளைப் பற்றிச் சொல்ல முடியும்.

என் பெயர் மனானா. கருங்கடல் ஓரத்து ஜார்ஜியாவில் பிறந்தவள். என் கணவர் ரேவாஸ் கப்பல் என்ஜினியர். சோவியத் கப்பல் நிறுவனம் அவரை பாங்காக்குக்கு அனுப்பியது, நானும் கூட வந்தேன். வந்த சில வருஷத்தில், எங்கள் பாஸ்போர்ட்டில் பெயர் போட்டிருந்த அந்த நாடே இல்லாமல் போய்விட்டது. ஊரில் சண்டை, இருட்டு, ரொட்டிக்கு வரிசை. திரும்பிப் போக எதுவும் இல்லை என்றார் ரேவாஸ். பிறகு ஒரு நாள் துறைமுகத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வாய்க்கால் ஓரத்துப் புத்தர் கோயிலில் எரித்தோம். துறவிகள் ஓதியது எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

அதன்பின் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தேன். உங்கள் மொழியைச் சந்தையில் கற்றுக்கொண்டேன். பப்பாளி சாலட்டுக்கு எத்தனை மிளகாய் என்று சொல்வேன், மோட்டார் சைக்கிள்காரனோடு சண்டை போடுவேன், பிள்ளைகளின் அம்மாக்களோடு ஆங்கிலத்தில் சிரிப்பேன். ஆனால் என் மொழியில் பேச ஓர் ஆள் கிடையாது. குளிக்கும்போது எனக்கு நானே பேசிக்கொள்வேன். ஒரு நாள் சோப்பு நுரையோடு நின்றபடி 'தும்மல்' என்பதற்கு எங்கள் சொல் என்ன என்று யோசித்தேன். வரவில்லை. அன்று முழுவதும் வரவில்லை. நான் அழவில்லை. ஆனால் அந்த நாளை நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட் நாணயத்தின் மதிப்பு விழுந்த வருஷம்தான் கேத்தோ வந்தாள். தெருவெல்லாம் பாதியில் நின்ற கட்டடங்கள். அப்போது ஒரு ஹோட்டலில் ஆட எங்கள் ஊர் நடனக்குழு ஒன்று வந்திருந்தது. ஆட்டத்தில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. குழு அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். ஊரில் ஒரு ஜார்ஜியாக்காரி இருக்கிறாள் என்று யாரோ சொல்லி, குழுத் தலைவர் கால் பிசகியவளை டாக்ஸியில் ஏற்றி என் வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"கால் சரியானதும் பினாங்குக்கு அனுப்பி வெச்சுடுங்க. அதுவரைக்கும் உங்க பொண்ணு மாதிரி பார்த்துக்கோங்க" என்றார்.

"என் பொண்ணேதான்" என்றேன்.

கேத்தேவான் என்பது முழுப்பெயர். கேத்தோ என்று கூப்பிடுவார்கள். இருபத்துமூன்று வயது. ஒல்லி, நீண்ட கழுத்து, சட்டென்று சிரிப்பு. முதல் வாக்கியத்திலேயே என்னைச் சித்தி என்று கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் அம்மா வயதுப் பெண்களை அப்படித்தான் அழைப்போம். எனக்கு அந்தச் சொல் காதில் விழுந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"சித்தி, இந்த ஊர்ல கீரை கிடைக்குமா?"

"வாய்க்கால் கீரை கிடைக்கும். வால்நட்டோட அரைச்சா நம்ம ஊர் மாதிரியே வரும்."

"பொய்."

"சாப்பிட்டுட்டுச் சொல்லு."

சாப்பிட்டாள். அப்புறம் தட்டை விரலால் வழித்து நக்கினாள். சாப்பிட்டதும் தும்மினாள், மிளகாய் போட்டிருந்தேன். "இதுக்கு நம்ம பாஷையில என்ன சொல்றது?" என்று கேட்டேன். சொன்னாள்.

கால் விரைவில் சரியாகிவிட்டது. விசா முடியப் போகிறது, நீட்டித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்றாள். உனக்கு மொழி தெரியாது, நான் போய் முடித்துக்கொண்டு வருகிறேன் என்று அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனேன். இதை நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். நான் உண்மையிலேயே குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். உண்மையிலேயே செய்யத்தான் போனேன். எண் சீட்டு எடுத்து, வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பர்மாக்காரப் பெண் குழந்தைக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் என்னவோ பேசிச் சிரித்தார்கள். என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, நீட்டிக்க மறுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். தேதி தாண்டினால் சிறையில் போடுவார்கள், விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் சரிசெய்கிறேன், கொஞ்ச நாள் பொறு என்றேன். அப்படித் தாண்டினவர்கள் விமான நிலையத்தில் அபராதம் கட்டிவிட்டுக் கிளம்புவார்கள், அவ்வளவுதான். இந்த ஊரில் இருக்கும் எந்த வெளிநாட்டுக்காரருக்கும் அது தெரியும். கேத்தோவுக்குப் பேச இருந்தது நான் ஒருத்திதான்.

கதவை நான் ஒரு நாளும் பூட்டியதில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் ஒரு காலையில் தானாகவே இறங்கிப் போனாள். தெருமுனையில் பன்றி இறைச்சி சுடும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ்காரர் பைக்கை நிறுத்தி, இரண்டு குச்சி வாங்கி, அவளைப் பார்த்து ஏதோ கேட்டிருக்கிறார். ஹலோ என்றுதான் சொல்லியிருப்பார். அவள் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். மடியில் படுக்க வைத்து, தலையைக் கோதி, தேநீர் கொடுத்தேன்.

"சித்தி, நீங்க இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வாசல் பக்கம் போகவே இல்லை. நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜார்ஜியாவில் குட்டாயிசி நகரத்தில் இருக்கும் அம்மாவோடு பேச வேண்டும் என்பாள். அங்கே பக்கத்து வீட்டில்தான் டெலிபோன், அதுவும் மின்சாரம் இருந்தால்தான். நானே எண்ணைச் சுழற்றிக் கொடுப்பேன், கடைசி எண்ணை மாற்றி. மணி அடித்துக்கொண்டே இருக்கும். "கரண்ட் இல்ல போல" என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஒரு தடவை அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது அம்மாவே கூப்பிட்டுவிட்டார்.

"என் பொண்ணு அங்க இருக்காளாம்மா? ஒரு வார்த்தை பேசணும். ஒரே ஒரு வார்த்தை போதும்."

"அவ மலேசியாவுக்குப் போயிட்டா. நல்லா இருக்கா. வேலை ஜாஸ்தி, அதான் பேச முடியல" என்றேன். அவர் என்னை ஆசீர்வதித்தார். நிறைய நேரம் ஆசீர்வதித்தார்.

நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். இதை நீங்கள் நம்பாத மாதிரிப் பார்க்கிறீர்கள். மாவு பிசைந்து உள்ளே இறைச்சி வைத்துக் கொழுக்கட்டை மாதிரி பிடிப்போம். யாருடையதில் மடிப்பு அதிகம் என்று போட்டி வைப்போம். என் மாணவர்கள் வரும்போது அவள் தன் அறையில் சத்தமில்லாமல் இருப்பாள். அவர்கள் போனதும் நான் வாசிக்க, அவள் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு ஆடுவாள். அவள் அறை ஜன்னலுக்கு எதிரே பாதியில் நின்ற ஒரு கட்டடம். அதன் உயரத் தளம் ஒன்றில் ஒரு நாய் இருந்தது. எப்படி ஏறியது, என்ன தின்கிறது, யாருக்கும் தெரியாது. விளிம்புவரை வந்து கீழே பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

"அதுக்கும் விசா முடிஞ்சுபோச்சு போல" என்றாள் கேத்தோ. சேர்ந்து சிரித்தோம்.

மழைக்காலம் முடிந்தபின் ஆடுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் கால் வலி என்பாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், பிறகு அதுவும் குறைந்தது. அவளைப் பேச வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "அந்த ஆளு இன்னும் சரி பண்ணலையா சித்தி?" என்று கேட்டாள்.

"பண்ணிட்டிருக்கார்."

"அவர் பேர் என்ன?"

நான் ஒரு பெயர் சொன்னேன்.

"போன தடவை வேற பேர் சொன்னீங்க" என்றாள். கோபமே இல்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். அன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் எழுந்து போகவில்லை. ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்க வேண்டியது அவளைத்தான்.

புத்தாண்டுத் திருவிழா சொங்க்ரான் வந்தது. ஊரே தண்ணீரை ஊற்றிக்கொண்டு கூத்தாடும் அந்த நாட்களில்தான் அவளுக்கு வயிற்று வலி. முதலில் தொப்புளைச் சுற்றி, பிறகு வலது பக்கம். சூடான துணி வைத்தேன், அரிசிக் கஞ்சி கொடுத்தேன். கஞ்சி நிற்கவில்லை. மறுநாள் மதியம் முழங்காலை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சித்தி."

"முதல்ல பாஸ்போர்ட்டத்தான் கேப்பாங்க கண்ணு."

"கேக்கட்டும். புடிச்சுட்டுப் போனாலும் போகட்டும். ஜெயில்ல போடட்டும். எனக்குப் பரவாயில்ல."

நான் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, டாக்ஸி பார்க்கிறேன் என்று கீழே இறங்கினேன்.

எங்கள் கட்டடக் காவலாளி தோங்கம் வாசலில் நின்றிருந்தான். மேலெல்லாம் ஈரம், கன்னத்தில் திருவிழாவுக்குப் பூசிய வெள்ளை மாவு. உங்களிடம் அவன் எல்லாம் சொல்லியிருப்பான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. சின்ன வாளியில் தண்ணீர் மொண்டு, மரியாதையாக என் தோளில் கொஞ்சம் ஊற்றினான்.

"நல்லா இருங்க டீச்சர். எங்கேயாச்சும் போணுமா? டாக்ஸி நிறுத்தவா?"

தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகக் காலி டாக்ஸிகள் போய்க்கொண்டிருந்தன. டாக்ஸியே தேவையில்லை. தெருமுனையிலேயே ஆஸ்பத்திரி. அதன் பலகை நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. கேத்தோவைத் தோங்கமே தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம்.

"இல்லப்பா. சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றேன்.

"உங்க அக்கா மக வரலியா? ஒரு வாட்டி கூட வெளிய பாக்கலியே. இன்னிக்காச்சும் நனையச் சொல்லுங்க."

"அவளுக்குத் தண்ணின்னா ஆகாது."

அவன் சிரித்தான். ஒரு பிக்கப் வண்டியில் பிள்ளைகள் பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் இருவரையும் நனைத்துவிட்டுப் போனார்கள். நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். யோசித்தேன், மறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது ஒரு நர்ஸ், அபராதம் கட்டினால் போதும் என்று அவளிடம் சொல்லிவிடுவாள். குணமான வாரமே விமானம் ஏறிவிடுவாள். நான் மறுபடி குளியலறையில் பேச வேண்டும். அதைத்தான் யோசித்தேன். வேறு எதையும் யோசித்ததாக நினைவில்லை.

மேலே போய், திருவிழா நெரிசல், ஒரு வண்டியும் உள்ளே வரமாட்டேன் என்கிறது என்று சொன்னேன். என் சட்டை நனைந்திருந்ததால் நம்பினாள். சாயந்தரம் வலி சட்டென்று நின்றுவிட்டது. "பார்த்தியா" என்றேன். அவளும் லேசாகச் சிரித்தாள். பிறகு காய்ச்சல் ஏறியது, வயிறு பலகையாக இறுகியது. அடுத்த நாள் அவள் பேசியதெல்லாம் தன் அம்மாவோடுதான். எங்கள் மொழியில், அவ்வளவு தெளிவாக. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். நடுநடுவே அம்மா மாதிரி பதிலும் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் விடிந்தபோது அவள் பேசவில்லை.

அந்த மதியமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். ஆமாம். நான் கொண்டுபோகவில்லை. தெரிந்துதான் கொண்டுபோகவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும். அவளுடைய அம்மா நாளைக்கு வருகிறார் என்றீர்கள். இந்த வெயில் அவருக்குப் புதிது, உங்கள் மொழி ஒரு சொல் தெரியாது. ஹோட்டலில் தங்க வைக்காதீர்கள், பாவம், தனியாகத் தவித்துப்போவார். கேத்தோவின் அறை சும்மாதான் இருக்கிறது. உங்களோடு கிளம்பும் முன்பே துடைத்து, புது விரிப்புப் போட்டுவிட்டேன். நான் வரும்வரை அவர் அங்கேயே இருக்கட்டும். அவரிடம் பேசவும் ஓர் ஆள் வேண்டுமில்லையா.

அவருக்கு ஊரில் வேறு யாராவது காத்திருக்கிறார்களா என்று கேத்தோ ஒரு நாளும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியுமா?