நாலாம் எண் நாற்காலியும் நான் எழுதிய வாசலும்

காலை முதல் எங்கள் பேச்சையெல்லாம் முகம் சுளிக்காமல் தாங்கிக்கொண்டு வீற்றிருக்கும் கூட்டத் தலைவர், மூத்த சிறுநீரக மருத்துவர் அவர்களே! அவருக்கு வலமும் இடமுமாக அமர்ந்திருக்கும் நிலையப் பொறுப்பாளர்களே! ஊசியை வலிக்காமல் குத்தி, உண்மையை மட்டும் வலிக்கச் சொல்லும் செவிலியர் சகோதரிகளே! ஒரு காதில் தொலைபேசியும் மறு காதில் வசவுமாக வாழும் வரவேற்பு மேசைத் தோழர்களே! வாரம் மூன்று நாள் வீட்டாரைக் கைப்பிடித்து அழைத்து வந்து, நான்கு மணி நேரம் நடைக்கூடத்தில் காத்திருந்து, மறுபடி கைப்பிடித்து அழைத்துச் செல்லும் தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது; குரல் தெரியும். "ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்கு" என்று நீங்கள் அழைக்கும்போது, "ஒரு தடவ மூடித் தொறங்க" என்று சொல்கிற குரல் இதுதான். நாற்பத்தொரு டயாலிசிஸ் நிலையங்கள் பயன்படுத்தும் அந்த மென்பொருளில், வாசலை எழுதியவள் நான். கைதட்டாதீர்கள். இனிமேல்தான் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது தீர்மானத்தைப் பார்த்திருப்பீர்கள். "முகவரியைத் தவறாக அடிப்பவர்களுக்கு, 'இந்தப் பெயரில் நிலையம் இல்லை' என்று ஒரு பக்கம் வருகிறது. அது வந்தவர்களை விரட்டுவது போல இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பழையபடி மாற்ற வேண்டும்." கையெழுத்திட்டவர்கள் பத்தொன்பது பேர். எடுக்கலாமா, கூடாதா என்று நீங்கள் கை தூக்குவதற்கு முன், அந்தப் பக்கம் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வாசல் என்றேனே, அது என்ன வாசல்? நாற்பத்தொரு நிலையங்களுக்கும் நாற்பத்தொரு மென்பொருள் இல்லை. ஒன்றே ஒன்றுதான். ஒரே கட்டடம், நாற்பத்தொரு குடித்தனம். உங்கள் இணைய முகவரியின் தொடக்கத்தில் நிலையத்தின் பெயர் இருக்கிறதல்லவா? வருகிறவரிடம் வாசலில் நிற்கும் காவல்காரர் முதலில் அதைத்தான் பார்க்கிறார். எந்த வீடு? பிறகு முகவரியின் மிச்சத்தைப் பார்க்கிறார். எந்த அறை? முன்பதிவா, பரிசோதனை முடிவா, மருந்துப் பட்டியலா? இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்தால் சரியான அறைக்குள் அனுப்பிவிடுவார். அவ்வளவுதான் அவர் வேலை. ஆனால் முதல் கேள்வியில் தவறினால் என்ன ஆகும்? ஒரு வீட்டு நோயாளி இன்னொரு வீட்டுப் படுக்கையில் இருப்பார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு விழுந்துவிடும்.

காவல்காரருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. நான் எழுதிக் கொடுத்த விதிகளை மேலிருந்து கீழாகப் படிப்பார். எது முதலில் பொருந்துகிறதோ அதன்படி நடப்பார். முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. 'நோயாளி' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வந்தாலும் அதை நோயாளியின் பெயர் என்று கொள் என்ற பொது விதியை மேலே எழுதிவிட்டேன். 'புதியவர்' என்று வந்தால் பதிவுப் படிவத்தைக் காட்டு என்ற தனி விதியைக் கீழே எழுதிவிட்டேன். விளைவு? புதிதாகப் பதிய வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துவிட்டு, 'புதியவர்' என்ற பெயருள்ள ஒரு நோயாளியைக் காவல்காரர் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். சிரிக்கிறீர்கள். பின்வரிசையில் ஓர் அம்மா ரொம்பவே சிரிக்கிறார். அன்றைக்கு எனக்குப் பதினொரு முறை தொலைபேசி செய்தவர் அவர்தான். இரண்டு வரியை இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது. அந்தப் பிழையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த பிழையை அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது.

என் விதிப் பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருந்தது. 'பெயர் தெரியாவிட்டால், பட்டியலில் முதலாவதாக இருக்கும் நிலையத்துக்கு அனுப்பு.' ஏன் எழுதினேன்? எழுதிய காலத்தில் நம்மிடம் இருந்ததே ஒரே ஒரு நிலையம்தான். யார் எப்படி வந்தாலும் அங்கேதான் போயாக வேண்டும். பிறகு நிலையங்கள் பெருகின. அந்த வரி மட்டும் அப்படியே இருந்தது. நான் மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பாத மென்பொருள் என்று பெருமை பேசியிருக்கிறேன். வரவேற்பு என்று நினைத்தேன், வரவேற்பு! அது வெறும் தலையாட்டல் என்று பிறகுதான் புரிந்தது.

ஒரு தையற்காரர். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு திங்கட்கிழமை மகளைப் பள்ளியில் சேர்க்கப் போக வேண்டியிருந்தது. அவர் மனைவி நிலையத்தை அழைத்துத் திங்கள் முறையை விட்டுக்கொடுத்தார். பிறகு கைப்பையிலிருந்த அட்டையில் அச்சிட்டிருந்த முகவரியைத் தொலைபேசியில் அடித்து, பெயரும் தன் கைபேசி எண்ணும் கொடுத்து, செவ்வாய்க்கிழமைக்குப் பதிவு செய்தார். காலை எட்டு மணி, நாலாம் எண் நாற்காலி. பதிவானது என்று பச்சை எழுத்தில் வந்தது. இதில் அந்த அம்மா செய்த தவறு என்ன? ஒன்றுமே இல்லை.

அது பழைய அட்டை. நிலையம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது பெயரையும் மாற்றிக்கொண்டது. புதுப் பெயரை ஏற்றிவிட்டுப் பழைய பெயரை நான்தான் அழித்தேன். பழைய பெயரோடு வந்தவரைக் காவல்காரருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றா சொன்னார்? "வாங்க, வாங்க" என்று அழைத்துக்கொண்டு போய், மூன்று மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கும் இன்னொரு நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார். அதே நிறம், அதே படிவம், அங்கேயும் ஒரு நாலாம் எண் நாற்காலி. நிலையத்தின் பெயர் மட்டும் மேலே எறும்பு அளவில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. சனிக்கிழமைக்குப் பிறகு இரத்தம் சுத்தமாகாத உடம்பு. கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. வரவேற்பு மேசையில் இருந்தவர் மூன்று முறை தேடிவிட்டு, அன்றைய பட்டியலில் பெயர் இல்லை என்றார். அந்த அம்மா பச்சை எழுத்தைக் காட்டினார். நாலாம் எண் நாற்காலியில் வேறொருவர் ஏற்கெனவே சாய்ந்திருந்தார். எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. அடுத்த காலி இடம் வியாழன் என்றார்கள். வியாழன் வரை அந்த மனிதர் தாங்குவாரா? இங்கே இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த இன்னொரு நிலையத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு பொறுப்புச் செவிலியர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நாற்காலி கால்மணி நேரம் காலியாக இருந்தால், வராதவரைத் தானே அழைப்பார். யாரும் அவருக்குப் போட்டுத்தந்த விதி அல்ல அது. பட்டியலில் இருந்த பெயர் அவருக்குப் புதிது; வரவில்லை என்று கோடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். எட்டேகாலுக்கு அழைத்தார்.

"நாலாம் நம்பர் நாற்காலிகிட்ட நிக்கிறேன்மா. நீங்க எங்க இருக்கீங்க?"

"நாங்களும் அங்கதாங்க நிக்கிறோம்."

"இல்லியேம்மா. இங்க நாற்காலி காலியால்ல இருக்கு."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான் எழுதிய வரி.

செவிலியருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. தொலைபேசியை வரவேற்பு மேசையிடம் கொடுக்கச் சொன்னார். மேசையிலிருந்து மருத்துவரிடம் கொடுக்கச் சொன்னார். தையற்காரரின் நிலையத்தில் மதிய முறைக்கு வந்திருந்த ஓர் ஓய்வுபெற்ற ஓட்டுநர், மருத்துவரின் அனுமதியோடு அந்த வியாழன் இடத்துக்கு மாறிக்கொண்டார். இரண்டு மணிக்குத் தையற்காரர் நாற்காலியில் ஏறினார். பிழைத்தார். மென்பொருளால் அல்ல, காலி நாற்காலியைப் பார்த்து மனசு கேட்காத ஒரு பெண்ணால் பிழைத்தார்.

மூன்று மணிக்கு அந்தச் செவிலியர் என்னை அழைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்டார்.

"தெரியாதத தெரியாதுன்னு சொல்ல உங்க சாப்ட்வேருக்கு என்னங்க வெக்கம்?"

அந்த வெட்கம் மென்பொருளுடையதா? என்னுடையது. 'இல்லை' என்ற சொல்லை என் வாசலில் எழுதி வைக்க நான் வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்கு அந்தத் தையற்காரர் மூச்சு வாங்கினார். அன்று மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பிறகு அந்த வரியை அழித்தேன்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் பத்தொன்பது பேருக்குப் பிடிக்காத பக்கம். 'இந்தப் பெயரில் எங்களிடம் நிலையம் இல்லை. எதுவும் பதிவாகவில்லை. உங்கள் நிலையத்தை அழைத்துப் பேசுங்கள்.' கூடவே, பெயர் மாற்றிய நிலையங்களின் பழைய பெயர்களை இப்போது அழிப்பதில்லை. பழைய பெயரோடு வருபவரைப் புதுப் பெயரின் வாசலிலேயே கொண்டுபோய் விடுகிறோம்.

என்ன சொல்கிறீர்கள்? ஆமாம் ஐயா, உங்களுக்குத் தொலைபேசி கூடுதலாக வருகிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி அழைக்கும் ஒவ்வொருவரும் யார் தெரியுமா? முன்பு வேறு ஊர் நாற்காலியில் பெயர் மட்டும் உட்கார்ந்திருந்தவர். அழைக்கிறார் என்றால் அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள்!

வந்தவரை வரவேற்பது பண்பு. வழி தெரியாதபோது வாயை மூடிக்கொண்டு வேறு வீட்டுக்குள் தள்ளுவது பண்பா? ஆம் என்று அசையும் ஆயிரம் தலையைவிட, அறியேன் என்று சொல்லும் ஒரு வாய் மேல் அல்லவா? சரியான கதவைத் திறப்பது திறமை. தெரியாத கதவைத் திறக்காமல் நிற்பது நேர்மை. திறமையை நான் நாளைக்குக்கூடக் கற்றுக்கொள்வேன். நேர்மை முதல் நாளே வாசலில் நின்றாக வேண்டும்! ஐந்தாவது தீர்மானத்துக்குக் கை தூக்குமுன் இதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிக்கிறேன். எனக்குப் பின்னால் தொங்கும் இந்த நீலத் திரையைக் காலையிலிருந்து பார்க்கிறீர்கள். ஓரமெல்லாம் நூல் பிடித்தது போல நேர்த்தியாக மடித்துத் தைத்திருக்கிறது. தைத்தவர் அந்தத் தையற்காரர்தான். இந்த மேடையில் ஏற்றி உங்கள் முன் நிறுத்த வேண்டும் என்று அவரை அழைத்தேன்; வரவில்லை. அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

"இன்னைக்கு சனிக்கிழமைங்க. அவருக்கு நாலாம் நம்பர்ல போட்டிருக்காங்க. இந்தத் தடவ நாற்காலிய நானே தொட்டுப் பாத்துட்டுத்தான் அவர உக்கார வெச்சேன்."

அவர் இங்கே இல்லாததை இந்த மேடைக்குக் கிடைத்த மரியாதையாக ஏற்றுக்கொண்டு, பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், கேள்வி கேட்ட வாய்களுக்கும், கால்மணி நேரத்துக்கு மேல் ஒரு நாற்காலியைக் காலியாக விடாத அந்தச் செவிலியருக்கும் என் நன்றியைச் சொல்லி, வணங்கி விடைபெறுகிறேன்.