பதினொன்றாம் கட்டம்

அக்கா: ...அப்புறம் எல்லாமே வெள்ளை. மேலயும் வெள்ளை, கீழயும் வெள்ளை. ஏரி எது, வானம் எதுன்னே...

தம்பி: அக்கா, நான் கேட்டது ட்ரோனோட எடை.

அக்கா: ரெண்டு கிலோ நானூறு. எழுதிக்கோ. ஆனா அந்தப் பனிக்குள்ள போனப்ப அதுக்கு எடையே இல்லடா.

தம்பி: அதை எழுத முடியாது.

அக்கா: ஏன், எடையில்லாத சாமானுக்கு உங்க ஆபீஸ்ல கட்டம் கிடையாதா?

தம்பி: எங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. கட்டத்துக்குள்ள அடங்கற ஆளுங்கதான் வர மாட்டேங்கறாங்க. எழுந்து உக்காரேன். படுத்துக்கிட்டே விண்ணப்பம் போடற முதல் ஆள் நீதான்.

அக்கா: ஞாயித்துக்கிழமை, மழை, இப்பதான் சாப்பிட்டு முடிச்சோம். இப்போ போய் எவளாவது உக்காருவாளா? நீங்க கேளுங்க ஆபீசர் ஐயா. நான் கண்ணை மூடிக்கிட்டே சொல்றேன்.

தம்பி: கிண்டல் பண்ணாத. இது மூணாவது தடவை. ரெண்டு தடவை 'முழுமையற்றது'ன்னு முத்திரை குத்தித் திரும்பி வந்திருக்கு.

அக்கா: உன் மேஜையிலேருந்துதானே திரும்பி வந்துச்சு?

தம்பி: என் மேஜையில வாங்கி, சரிபார்த்து, மேல அனுப்பறது என் வேலை. குறை இருந்தா திருப்பி அனுப்பறதும் என் வேலைதான். அக்காவா இருந்தாலும் அதேதான்.

அக்கா: ரொம்பக் கறாரான ஆளுப்பா.

தம்பி: மூணாவது தடவையும் திரும்பினா ரெண்டு வருஷத்துக்கு விண்ணப்பமே போட முடியாது. மாசக் கடைசியில நீர்வாரியம் உன் வேலையை ஏதாவது கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துடும். தெரியும்ல?

அக்கா: தெரியும்.

தம்பி: அப்போ ஒழுங்கா பதில் சொல்லு. மூணாம் கட்டம். எந்த விதியிலிருந்து விலக்கு?

அக்கா: ஓட்டறவங்க கண்ணுக்குத் தெரியற தூரத்துலயேதான் ட்ரோன் எப்பவும் இருக்கணும்ங்கற விதி.

தம்பி: காரணம்?

அக்கா: ஏரி பெருசு.

தம்பி: ஆபீஸ் பாஷையில சொல்லு.

அக்கா: ஏரி மிகவும் பெரிது.

தம்பி: அக்கா...

அக்கா: சரி, சரி. கரையிலேருந்து நடு ஏரிக் கோபுரத்துக்கு நாலு கிலோமீட்டர். ஊருக்குத் தண்ணி அது வழியாத்தான் உள்ள போகுது. பாசி அடைக்குதா, சுவத்துல விரிசல் இருக்கான்னு வாரம் ஒரு தடவை படம் எடுக்கணும். இப்போ படகுல கோபுரம் வரைக்கும் போய், அங்கேருந்து பறக்கவிட்டு, திரும்பி வர்றதுக்குள்ள அரை நாள் காலி. காத்தடிச்சா அந்த வாரம் போகவே முடியாது. போன மாசம் அப்படித்தான் பாசி அடைச்சு மூணு நாள் ஊர்ல தண்ணி இல்ல.

தம்பி: மூணு நாள் குளிக்காம ஆபீஸ் போனவன்கிட்டயே சொல்றியா?

அக்கா: விலக்கு கிடைச்சா கரையில நின்னபடியே திரையைப் பார்த்து ஓட்டிடுவேன். பதினெட்டு நிமிஷம். போயிட்டு வந்துடும்.

தம்பி: பாரு, இது எவ்வளவு நல்லா இருக்கு. இப்படியே எழுதறேன்... நாலாம் கட்டம். பறக்கற நேரம்?

அக்கா: விடிஞ்சு அரை மணி கழிச்சு. அப்போ தண்ணி அசையவே அசையாது. கோபுரத்துக்குக் கீழ இன்னொரு கோபுரம் தலைகீழா நிக்கும். எது நிஜம், எது நிழல்னு குழப்பமா இருக்கும். ஒரு தடவை கீழ இருந்ததைத்தான் படம் எடுத்திருக்கேன்.

தம்பி: நீர்வாரியத்துக்கு எதை அனுப்பின?

அக்கா: அதைத்தான். 'கோபுரம் நல்ல நிலையில் உள்ளது'ன்னு பதில் போட்டாங்க.

தம்பி: சத்தமாச் சொல்லாத. நான் கவர்மென்ட் ஆளு... ஏழாம் கட்டம். பார்வையாளர். ட்ரோனைக் கண்ணாலயே தொடர்ந்து பார்த்து உனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கற ஆள்.

அக்கா: படகுக்காரர். கோபுரத்துப் படியில செல்போனோட நிப்பார்.

தம்பி: யாரு, ஒத்திகை அன்னைக்குப் பத்து நிமிஷம் கொக்கைப் பார்த்து 'தெரியுது, தெரியுது'ன்னாரே, அவரா?

அக்கா: கொக்கும் அன்னைக்கு நான் சொன்ன வழியிலதான் பறந்துச்சு, பாவம். இப்போ ட்ரோனோட வயித்துல சிவப்பு விளக்கு மாட்டிட்டேன். இனிமே மாறாது.

தம்பி: எட்டு, பேட்டரி... எழுதியாச்சு. ஒன்பது, காப்பீடு... இருக்கு. பத்து... அக்கா? தூங்கிட்டியா?

அக்கா: இல்ல. திரும்பி வந்துக்கிட்டு இருக்கேன்.

தம்பி: எங்கேருந்து?

அக்கா: கோபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டு இருக்குல்ல... மனுஷக் காலடியே படாத இடம். படகுலேருந்து விட்டப்ப ஒரு தடவை அதுக்கு மேல கொண்டுபோனேன். அவ்வளவு பறவையும் ஒத்தைக் கால்ல நின்னு, ஒரே பக்கமாத் திரும்பித் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒன்னு மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச்சு. திரும்ப மூடிக்கிச்சு. 'நீதானா'ங்கற மாதிரி.

தம்பி: உன்னை எங்க பார்த்துச்சு? ட்ரோனைப் பார்த்துச்சு.

அக்கா: அங்க நான்தான்டா ட்ரோன். உள்ளங்கை அளவு திரை, மூக்குக்கிட்ட வச்சிருப்பேன். ஒவ்வொரு இறகையும் எண்ணிடலாம். அவ்வளவு தெளிவா இந்த உலகத்துல வேற எதுவும் இல்ல எனக்கு...

தம்பி: சரி, சரி. பத்தும் எழுதியாச்சு. பதினொன்னாம் கட்டம்.

அக்கா: ம்.

தம்பி: ரெண்டு தடவையும் இதைத்தான் காலியா விட்டிருக்க.

அக்கா: அப்படியா?

தம்பி: அப்படியாவா? அதனாலதானே திரும்பி வந்துச்சு!

அக்கா: கேள்வியைப் படி.

தம்பி: 'பறக்கும்போது திரை அணைந்துவிட்டால், ஓட்டுநர் கலத்தை எவ்வாறு மீட்பார்?'

அக்கா: நல்ல கேள்வி. கேட்டவங்களுக்கு விவரம் தெரிஞ்சிருக்கு.

தம்பி: சுத்தி வளைக்காத. ட்ரோன் தானா கரைக்குத் திரும்பிடும். ஆனா கரையில மரம் இருக்கு, மின்கம்பி இருக்கு. கடைசி இருநூறு மீட்டர் கையாலதான் இறக்கணும். எல்லாரும் எழுதற வரி ஒன்னுதான்: 'ஓட்டுநர் வெறுங்கண்ணால் பார்த்து இறக்குவார்.' அவ்வளவுதான். எழுதிடவா?

அக்கா: அது உண்மையா இருக்கணுமா?

தம்பி: அது... அப்படி ஒரு கட்டம் ஃபாரத்துல இல்ல.

அக்கா: ஜன்னலுக்கு வெளிய என்ன தெரியுது, சொல்லேன்.

தம்பி: இப்போ அது எதுக்கு?

அக்கா: சும்மா சொல்லு.

தம்பி: மழை. எதிர் வீட்டு மாடி. கொடியில ஒரு சட்டை நனையுது, எடுக்க மறந்துட்டாங்க போல.

அக்கா: என்ன நிறம்?

தம்பி: ...பச்சை.

அக்கா: மழையில பச்சை நல்லா இருக்கும்.

தம்பி: நல்லாத்தான் இருக்கு... அக்கா, எழுதிடறேன். ஒரே ஒரு வரி.

அக்கா: வேணாம்.

தம்பி: பிடிவாதம் பிடிக்காத. உள்ளதை உள்ளபடி எழுதினா விலக்கு இல்லைன்னு சொல்றதோட விட மாட்டாங்க. ஓட்டற உரிமத்தையே பிடுங்கிடுவாங்க. அப்புறம் பனியும் இல்ல, பறவையும் இல்ல. வீட்டுக்குள்ள இப்படியே படுத்துக் கிடக்கணும், ஆயுசுக்கும்.

அக்கா: உள்ளதுன்னா?

தம்பி: என்ன?

அக்கா: உள்ளதை எழுதினா உரிமம் போயிடும்னியே. என்ன உள்ளதுன்னு நான் உன்கிட்ட சொல்லவே இல்லையேடா.

தம்பி: பொதுவாச் சொன்னேன்.

அக்கா: ம்... பொதுவா.

தம்பி: அக்கா, நாளைக்குத்தான் கடைசி நாள். காலையில என் மேஜைக்கு வந்தாகணும். கையெழுத்தாவது போடு, மீதியை நான் பார்த்துக்கறேன்.

அக்கா: மீதியை நீ நல்லாவே பார்த்துக்குவ. அதனாலதான் வெள்ளிக்கிழமையே நான் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்.

தம்பி: கொடுத்துட்டியா? யார்கிட்ட? என் மேஜைக்கு எதுவும் வரலையே!

அக்கா: உன் மேஜையைத் தாண்டி மூணாவது மாடி ஏறினேன். உங்க பெரிய மேடம் கையிலயே கொடுத்தேன். படியில ரெண்டு இடத்துல இடிச்சுக்கிட்டேன், பரவாயில்ல.

தம்பி: ஐயோ... அப்போ இவ்வளவு நேரம் எதுக்கு என்னை எழுதவிட்ட?

அக்கா: ஏரியைப் பத்திப் பேச ஒரு ஆள் வேணாமா? அதோட, நீயா ஏதாவது சொல்லுவியான்னு பார்த்தேன்.

தம்பி: ...பதினொன்னுல என்ன எழுதின?

அக்கா: முதல் ரெண்டு தடவை எழுதினதையேதான். 'இருபது அடிக்கு அப்பால் எனக்கு எல்லாம் பனிமூட்டம். கண்ணாடி போட்டும் பயனில்லை. திரை அணைந்தால் என்னால் இறக்க முடியாது. கரையில் என் பக்கத்தில் பார்வையுள்ள இன்னொரு ஓட்டுநரை நிறுத்திக்கொள்ள அனுமதி வேண்டும்.'

தம்பி: நான்... அக்கா, நீ எழுதின அந்தப் பக்கம் மேல போயிருந்தா அன்னைக்கே உன் உரிமத்தை...

அக்கா: போகலையே. என் பக்கத்தை உருவி எடுத்துட்டு, என் எழுத்து மாதிரியே இன்னொரு பக்கம் எழுதி, அந்தக் கட்டத்தை மட்டும் காலியா விட்டு, ரெண்டு தடவை வச்சிருக்க. எதையும் மூக்குக்கிட்ட வச்சுப் படிக்கறவகிட்டப் போய் இந்த வேலையைக் காட்டலாமாடா?

தம்பி: மேடம் என்ன சொன்னாங்க?

அக்கா: ரொம்ப நேரம் படிச்சாங்க. 'வியாழக்கிழமை விடியக்காலம் நானே ஏரிக்கு வரேன், ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் முடிவு பண்றேன்'னாங்க. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

தம்பி: வேற எதுவும் கேக்கலையா?

அக்கா: கேட்டாங்க. 'இவ்வளவு முக்கியமான விஷயத்தை முன்னாடி ரெண்டு தடவையும் ஏன்மா எழுதாம விட்டீங்க?'ன்னாங்க... பயமா இருந்துச்சு மேடம், நான்தான் காலியா விட்டுட்டேன்னு சொல்லிட்டேன்டா.