கடைசி மெஷினில் தொங்கிய போர்டு

மோகனப்பிரியா: மூணு வாஷிங் மெஷினை ஓட்டிக் காமிச்சீங்க, சரி. அந்தக் கடைசி மெஷின்?

நெய்னா முகம்மது: அதான் போர்டு தொங்குதே பாப்பா. பழுது.

மோகனப்பிரியா: என்ன பழுது?

நெய்னா முகம்மது: பழுதுன்னா... பழுதுதான். அதை விட்டுருங்க. மத்ததைப் பாத்து உங்களுக்குப் புடிச்சிருக்கான்னு சொல்லுங்க.

மோகனப்பிரியா: கடையை விக்கிறேன்னு போன்ல பேசினப்ப நாலு மெஷின்னுதானே சொன்னீங்க?

நெய்னா முகம்மது: சொன்னேன்... ஏம்மா, உங்க மக என்ன, வக்கீலுக்குப் படிச்சிருக்கா?

எல்லையம்மாள்: பி.காம் பாய். இதே மன்னார்குடியிலதான். பஸ்ல வந்து போயிப் படிச்சா. வாய் மட்டும் வீட்டுலயே படிச்சது.

மோகனப்பிரியா: அம்மா, நீ அந்த ஸ்டூல்ல சும்மா உக்காரு... பாய், டிரம்மைச் சுத்திப் பாத்தேன், ஆட்டம் இல்ல. கதவு ரப்பரும் பரவால்ல. தண்ணி?

நெய்னா முகம்மது: போர்த் தண்ணி. ஆத்துல தண்ணி வர்ற மாசமெல்லாம் நல்லாருக்கும். கோடையில கொஞ்சம் மஞ்சப் பூக்கும். அப்ப வெள்ளை வேட்டிக்கு மட்டும் லாரித் தண்ணி வாங்கிருவேன். பாரு, மறைக்கலை, சொல்லிட்டேன்.

மோகனப்பிரியா: அதைச் சொல்றீங்க. இதைச் சொல்லமாட்டேங்கிறீங்க.

எல்லையம்மாள்: விடேன்டி. துணி யார் போடுறாங்கன்னு கேளு.

நெய்னா முகம்மது: ஹாஸ்டல் புள்ளைங்க. ரெண்டு லாட்ஜு. முகூர்த்த மாசத்துல மண்டபத்து மேஜை விரிப்பு வரும், சாம்பார் கறையோட. அப்புறம் தெருவுல இருக்கிற வீடுங்க. அவங்கதான் நிரந்தரம்.

மோகனப்பிரியா: இவ்ளோ இருந்தும் ஏன் விக்கிறீங்க?

நெய்னா முகம்மது: முட்டி சொல்ற பேச்சைக் கேக்கலை பாப்பா. மக கூத்தாநல்லூர்ல இருக்கா, வந்து கூட இருங்க வாப்பாங்கிறா. பேரப்புள்ளைங்களுக்கு என் தாடியைப் புடிச்சு இழுக்கணுமாம்... நீங்க பட்டுக்கோட்டைப் பக்கம்னீங்கல்ல. தென்னந்தோப்பா?

எல்லையம்மாள்: ம்... தோப்புதான்.

நெய்னா முகம்மது: இந்த வருஷம் வரத்து எப்படி?

எல்லையம்மாள்: வரத்து எங்க பாய்... தடைக்காலம் முடிஞ்சாத்தான்.

நெய்னா முகம்மது: தேங்காய்க்குத் தடைக்காலமா?

மோகனப்பிரியா: அது... மரம் ஏற ஆள் கிடைக்கலைல, அதைச் சொல்றாங்க. அம்மா அப்படித்தான் பேசுவாங்க. பாய், இந்தக் குழாய் ஒழுகுது பாருங்க. கீழெல்லாம் தண்ணி.

நெய்னா முகம்மது: அது இன்னைக்குத்தான்... கிளிப்பு லூசாயிருச்சு. இரு, துணி கிழிச்சுச் சுத்துறேன்.

எல்லையம்மாள்: துணியெல்லாம் நிக்காது பாய். நகருங்க. எங்கிட்ட நூல் இருக்கு.

நெய்னா முகம்மது: இடுப்புலயே நூல் வச்சிருக்கீங்களே...

எல்லையம்மாள்: பழக்கம். இப்படி ரெண்டு சுத்து... இப்படி உள்ள விட்டு... ஆச்சு. இனி ஒரு சொட்டு வராது.

நெய்னா முகம்மது: இந்த முடிச்சு...

எல்லையம்மாள்: என்ன பாய்?

நெய்னா முகம்மது: ஒண்ணுமில்ல... இருங்க. எதிர்க்கடையில டீ சொல்லிட்டு வர்றேன்.

மோகனப்பிரியா: போயிட்டாரா? அம்மா, இங்க வா. சீக்கிரம் வா. இந்தப் போர்டு மெஷினுக்குள்ள கைய வையி.

எல்லையம்மாள்: அவர் இல்லாதப்ப ஏன்டி தொறக்குறே?

மோகனப்பிரியா: ரப்பர் ஈரமா இருக்கு. இந்தா, வடிகட்டி வலையில பஞ்சு புதுசா ஒட்டியிருக்கு. இன்னைக்குக் காலையில ஓடின மெஷின்மா இது.

எல்லையம்மாள்: ம்.

மோகனப்பிரியா: என்ன ம்? ஓடுற மெஷினுக்குப் பழுதுன்னு போர்டு மாட்டி வச்சிருக்காரு. உள்ள புளிப்பா ஒரு வாசம் வேற... எங்கயோ அடிச்ச வாசம், ஞாபகம் வரமாட்டேங்குது. இதுல பொய் சொல்றவரு மத்ததுல சொல்லமாட்டாருன்னு என்ன நிச்சயம்? வா, போயிரலாம்.

எல்லையம்மாள்: நாமளும்தான் தென்னந்தோப்புன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கோம்.

மோகனப்பிரியா: அது வேற. போன கடையில முத்துப்பேட்டை, மீன் யாவாரம்னு உண்மையைச் சொன்னோம். அந்த ஆளு உன் முன்னாடியே மூக்கைப் பொத்தினான். அதுக்கப்புறம்தானே நீ பட்டுக்கோட்டைன்னு ஆரம்பிச்சே. அதுவும் தேங்காய்க்குத் தடைக்காலம்...

எல்லையம்மாள்: வாயில வந்துருச்சுடி. அப்பா காலத்துலேர்ந்து வருஷா வருஷம் படகைக் கட்டிப்போடுறப்ப சொல்ற வார்த்தை.

மோகனப்பிரியா: சிரிக்காதே. படகுல இருந்த பங்கை வித்துட்டு வந்திருக்கோம். இது தப்பாப் போச்சுன்னா நீ மறுபடியும் கூடையைத் தூக்கிக்கிட்டு விடியக்காலையில கரைக்குப் போகணும். நான் பாத்துக்கிட்டு நிக்கணும்.

எல்லையம்மாள்: அப்படிப் போகாது.

மோகனப்பிரியா: எப்படிச் சொல்றே? வேற ரெண்டு கடை வந்துச்சு, வேணாம்னே. இந்தக் கடைதான் வேணும்னு பிடிவாதம். உள்ள வந்ததுலேர்ந்து ஒரு கேள்வி கேக்கலை. கோயிலுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கே.

எல்லையம்மாள்: பிரியா... அவர் வரட்டும். அந்த மெஷினைப் பத்திக் கேளு. திட்டாம கேளு. அவர் சொல்றதைக் கேட்டுட்டு வேணாம்னா, எந்திரிச்சு வந்துர்றேன். சத்தியமா.

நெய்னா முகம்மது: டீ வருது. சக்கரை தூக்கலாச் சொல்லியிருக்கேன்.

மோகனப்பிரியா: பாய், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த மெஷினைத் தொறந்து பாத்துட்டேன். அது பழுது இல்ல. காலையில ஓடியிருக்கு.

நெய்னா முகம்மது: ஓடிச்சு... தெனமும் ஓடும். மத்ததைவிட நல்லா ஓடும்.

மோகனப்பிரியா: அப்புறம் எதுக்கு போர்டு?

நெய்னா முகம்மது: உக்காரு பாப்பா. நின்னுக்கிட்டுக் கேக்குற விஷயம் இல்ல... கடை தொறந்த புதுசுல மீன் விக்கிற அம்மா ஒருத்தங்க சேலை கொண்டுவந்தாங்க. போட்டேன். எதிர்வீட்டு அம்மா பாத்துட்டாங்க. அந்த மெஷின்லயா எங்க துணியும் போடுறேன்னு கேட்டாங்க. மறுவாரம் தெருவே வரலை. கடையைக் காப்பாத்தணும். அந்த அம்மாகிட்டயும் வராதேன்னு சொல்ல வாய் வரலை. ஒரு மெஷினைத் தனியாப் பிரிச்சு போர்டை மாட்டினேன். கடல்கரைத் துணியெல்லாம் முத்துப்பேட்டையிலேர்ந்து முதல் பஸ்ல வரும், கண்டக்டர் இறக்கி வைப்பார். ஷட்டரைத் தூக்குறதுக்கு முன்னாடி தொவைச்சு, மாடியில காயப்போட்டு, சாயந்தர பஸ்ல ஏத்திருவேன். யாரு எவருன்னு முகம் தெரியாது. நான் செஞ்சது சரியா தப்பான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. ஒளிச்சு வச்சுத்தான் தொவைச்சேன்.

மோகனப்பிரியா: எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க?

நெய்னா முகம்மது: நீங்க தோப்புக்காரங்க. தெரிஞ்சா அருவருத்துக்கிட்டுப் போயிருவீங்கன்னுதான்... அந்த மெஷின் வேணாம்னா நான் எடுத்துட்டுப் போயிர்றேன்.

மோகனப்பிரியா: வாடை... போகுமா பாய்?

நெய்னா முகம்மது: போகும். அவசரப்படக் கூடாது. எல்லாரும் வெந்நீர்ல போட்டுருவாங்க, வாடை நூல்லயே உக்காந்துரும். மொதல்ல பச்சைத் தண்ணியில அலசணும். அப்புறம் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறப்போடணும். அதுக்கப்புறம்தான் சோப்பு.

மோகனப்பிரியா: வினிகர்...

நெய்னா முகம்மது: ஆமா, அந்தப் புளிப்பு வாசம் லேசா இருக்கும். காத்துல ஆறினாப் போயிரும். அதுலயும் ஒரு மூட்டை வரும் பாப்பா. மீன் சேலையோட ஒரு காலேஜ் புள்ளை உடுப்பு. நீலச் சுடிதார், வெள்ளைத் துப்பட்டா. கிளாசுல நாலு பேருக்கு நடுவுல உக்கார்ற புள்ளையாச்சேன்னு அதை மட்டும் ரெண்டு தடவை போடுவேன். துப்பட்டா ஓரத்துல ஒரு மைக்கறை. என்னென்னமோ பண்ணிப் பாத்தேன், அது மட்டும் கடைசி வரைக்கும் போகலை. மூணு வருஷம் வந்துச்சு. அப்புறம் சுடிதார் நின்னுருச்சு, சேலை மட்டும் வந்துச்சு. படிச்சு முடிச்சிருச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன். அன்னைக்கு என்னமோ மனசுக்கு நல்லா இருந்துச்சு.

மோகனப்பிரியா: அம்மா... என் சுடிதாரை நம்ம வீட்டுக் குளத்துலதானே தொவைக்கிறேன்னு சொல்லுவே?

எல்லையம்மாள்: டீ ஆறுது, குடி.

நெய்னா முகம்மது: அந்த மூட்டையில ஒரு கஷ்டம். பச்சை வலைநூல்ல ஒரு முடிச்சுப் போட்டு வரும். நகத்தால கிள்ளிப் பாத்தாச்சு, பல்லால கடிச்சுப் பாத்தாச்சு, அவிழாது. ஒவ்வொரு தடவையும் வெட்டித்தான் எடுப்பேன்... தேங்காய்க்குத் தடைக்காலம்னப்பவே லேசா ஒரு சந்தேகம். டீ சொல்லப் போனது சும்மா இல்லம்மா. அந்தக் குழாயில நீங்க போட்ட முடிச்சைப் பாத்துட்டு எனக்கு அங்க நிக்க முடியலை.

எல்லையம்மாள்: எத்தனை நூலை வெட்டி வெட்டி வீணாக்கினீங்க பாய். இங்க வாங்க... இந்தச் சின்ன நுனி தெரியுதா, இதைப் புடிச்சு இழுத்தா தானா அவிழ்ந்துரும். அந்தச் சுடிதார்க்காரி இதோ நிக்கிறா. போர்டை அவளே கழட்டட்டும்.