மூணாவது துண்டு

வனஜா: ... பேச்ச மாத்தாதீங்க. இந்த புக்கோட மொத துண்டு படிச்சப்ப நீங்கதான சொன்னீங்க, ஒரே ஜவ்வுன்னு.

கோவிந்தராஜ்: ஜவ்வுதான். அந்த அம்சவேணி மெஸ்ஸுல சாம்பார் கொதிக்குது... கொதிக்குது... கொதிச்சுக்கிட்டே இருக்குது. நான் போற கம்பெனி பஸ்ஸு போசரி பேக்டரிக்கே போயி சேந்துடுச்சு, சாம்பார் மட்டும் எறங்கல.

வனஜா: எனக்கு அதுதான் புடிச்சுது. அடுப்படி தெரிஞ்சவங்க எழுதுனது. போன மாசம் ஒரு பேய் கதை கொண்டாந்தீங்களே... நாய் கொலைக்குது, கதவு ஆடுது, கரன்ட்டு போவுது. கடைசியில பேய் வந்தா அதுக்கு செய்ய ஒரு வேலையும் பாக்கி இல்ல.

கோவிந்தராஜ்: அத்த படிச்சுட்டு பாத்ரூம் போவ என்னை எழுப்புனது யாரு?

வனஜா: துணைக்குக் கூப்பிட்டேன். பயந்து இல்ல.

கோவிந்தராஜ்: அச்சா.

வனஜா: நொச்சா. அந்தக் காதல் கதைதான் உங்களுக்குப் புடிக்கும்னு நெனச்சேன். பாதியிலயே கொட்டாவி வுட்டீங்க.

கோவிந்தராஜ்: பின்ன என்னா? ஒரு வார்த்த கேக்கறதுக்கு அந்தப் பையன் புக்கு முழுக்க எடுத்துக்கறான். நான் உன்னப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே கேட்டேன்.

வனஜா: என்னா கேட்டீங்க? "புக்கு படிப்பியா"ன்னு கேட்டீங்க.

கோவிந்தராஜ்: கேக்க வேண்டியது அதுதான.

வனஜா: சரி, இப்ப நான் கேக்கறேன். மூணாவது துண்டு எங்க?

கோவிந்தராஜ்: ... இந்தத் தலகாணி போதுமா? சிஸ்டர்கிட்ட இன்னொண்ணு கேட்டு வாங்கட்டுமா?

வனஜா: தலகாணி கெடக்கட்டும். அம்சவேணிய ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தள்ளிக்கிட்டுப் போனாங்க, கதவ சாத்துனாங்க, ரெண்டாவது துண்டு அத்தோட முடிஞ்சுது. அன்னிலேர்ந்து கேக்கறேன்.

கோவிந்தராஜ்: அதான் பஸ்ஸுல வுட்டுட்டேன்னு...

வனஜா: நீங்களா? டிபன் டப்பாவ வுட்டிருக்கீங்க, கொடைய வுட்டிருக்கீங்க. ஒரு தடவ கடக்வாஸ்லா டேமுல என்னையே வுட்டுட்டு பஸ் ஏறிட்டீங்க. கதைய மட்டும் வுட்டதே இல்ல.

கோவிந்தராஜ்: அன்னிக்கு கூட்டம்டி...

பானு: ஆன்ட்டி, பி.பி. பாக்கணும், கைய குடுங்க. யாரு அது அம்சவேணி? எந்த ரூம்? ஆபரேஷன்னு காதுல விழுந்துது, இன்னிக்கு டியூட்டியில எனக்கு யாரும் சொல்லலியே.

கோவிந்தராஜ்: இங்க இல்ல சிஸ்டர். அவ கதையில வர்றவ.

வனஜா: அவளுக்கும் என்னை மாதிரியே வால்வு ஆபரேஷன்மா. எனக்கு நாளைக்கு காலையில. அவளுக்கு மூணாவது துண்டுல. அத்த இவரு தொலைச்சுட்டாரு.

பானு: துண்டுன்னா?

வனஜா: வீட்டுல புக்கு ஒண்ணு, படிக்கறது ரெண்டு பேரு. பொறுமை ரெண்டு பேருக்கும் கெடையாது. அதனால கத்திய எடுத்து மூணு துண்டா வெட்டிடுவேன். இவரு ஒவ்வொரு துண்டா பஸ்ஸுல படிச்சுட்டு சாயங்காலம் என்கிட்ட தருவாரு. முழுசா முடிச்சதும் கோணி ஊசியால திரும்ப தைச்சுடுவேன்.

பானு: பாப்ரே. புக்குக்கே ஆபரேஷனா. எனக்கு தமிழ் பேச மட்டும்தான் வரும் ஆன்ட்டி, படிக்க நஹி... உங்க பி.பி. நார்மல். அங்கிள், உங்களுக்குத்தான் பாக்கணும் போல இருக்கு. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலியா? கேன்டீன்ல போஹா இருக்கு, போங்க.

கோவிந்தராஜ்: போறேன், போறேன். நீங்க அடுத்த ரூம பாருங்க.

வனஜா: போவ மாட்டாரும்மா... சரி, அந்தப் பொண்ணு போயிடுச்சு. துண்டு தொலைஞ்சா தொலையட்டும், நீங்கதான் படிச்சுட்டீங்களே. வாயால சொல்லுங்க.

கோவிந்தராஜ்: முடிவ சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதான.

வனஜா: இன்னிக்கு சட்டத்துக்கு லீவு. அம்சவேணி பொழைச்சாளா?

கோவிந்தராஜ்: பொழைச்சா.

வனஜா: என்னா இப்படி பட்டுனு சொல்றீங்க?

கோவிந்தராஜ்: வேற எப்படி சொல்றது? பொழைச்சா. ஜம்முனு பொழைச்சா.

வனஜா: கண்ணு முழிச்சதும் என்னா சொன்னா?

கோவிந்தராஜ்: என்னா சொல்லுவா... பசிக்குதுன்னா.

வனஜா: என்னா குடுத்தாங்க?

கோவிந்தராஜ்: சாபுதானா கிச்சடி.

வனஜா: கதை நடக்கற கும்பகோணத்துல மராட்டி ஜவ்வரிசி கிச்சடியா?

கோவிந்தராஜ்: ... அந்த ஆஸ்பத்திரி கேன்டீன்காரன் மராட்டிக்காரன். ஏன், தஞ்சாவூரு பக்கம் மராட்டிக்காரங்க இல்லியா? ராஜாவாவே இருந்தாங்க.

வனஜா: அடேங்கப்பா. ராஜாவே வந்து கிச்சடி கிண்டுனாரா. இருக்கட்டும். மெஸ்ஸ எழுதி வாங்கப் பாத்தானே அவ கொழுந்தன், அவன் என்னா ஆனான்?

கோவிந்தராஜ்: போலீசு புடிச்சுடுச்சு.

வனஜா: எங்க வச்சு?

கோவிந்தராஜ்: இங்க, நம்ம சிவாஜி நகர் ஸ்டேஷன்ல.

வனஜா: கும்பகோணத்துலேர்ந்து நேரா சிவாஜி நகருக்கு ஓடியாந்தானா?

கோவிந்தராஜ்: ஓடறவன் எங்க வேணா ஓடுவான். உங்க அப்பா வேலூர்லேர்ந்து இங்க வரலியா?

வனஜா: எங்க அப்பா கிர்க்கி பேக்டரியில வேலைக்கு வந்தாரு. போலீசுக்கு பயந்து இல்ல.

கோவிந்தராஜ்: சரி, சரி. இன்னிக்கு எதுவும் சண்ட வேணாம்.

வனஜா: அந்த டாக்டரு? காலையிலயே குடிச்சுட்டு வருவாருன்னு எழுதியிருந்துச்சே.

கோவிந்தராஜ்: அன்னிக்கு அவரு லீவு. வேற டாக்டரு வந்தாங்க. சின்ன வயசு, கை நடுங்காத பொண்ணு. நாளைக்கு உனக்கு ஆபரேஷன் பண்ணப்போற நம்ம அம்ருதா மேடம் மாதிரி.

வனஜா: மாதிரியா?

கோவிந்தராஜ்: அச்சு அசலு. கண்ணாடி கூட.

வனஜா: ம்... அம்சவேணி வூட்டுக்காரரு? வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாரே, பாவம்.

கோவிந்தராஜ்: அவருக்கு என்னா. உக்காந்திருந்தாரு.

வனஜா: சாப்பிட்டாரா?

கோவிந்தராஜ்: அத்தல்லாம் எழுதல.

வனஜா: எழுதியிருப்பாங்க. நீங்க தாண்டிப் போயிருப்பீங்க.

கோவிந்தராஜ்: ... சாப்பிடல வனஜா. தொண்டையில எறங்கல அந்த மனுஷனுக்கு. அவ இல்லன்னா பஸ்ஸுல எத்த படிக்கறது, படிச்சு யாருகிட்ட கொண்டாந்து குடுக்கறது...

வனஜா: அவரு மெஸ்ஸுல கல்லாவுலதான உக்காருவாரு. பஸ்ஸுல எப்ப போனாரு?

கோவிந்தராஜ்: மூணாவது துண்டுலேர்ந்து போறாரு.

வனஜா: ஓ.

கோவிந்தராஜ்: அவ்ளோதான் கதை. அவ வீட்டுக்கு வந்தா, மெஸ்ஸ தொறந்தா, திரும்ப சாம்பார் கொதிச்சுது. இந்தத் தடவ எவ்ளோ நேரம் கொதிச்சாலும் பரவால்லன்னு இருந்துச்சு எனக்கு. சுபம்... என்னா சிரிக்கற? நம்பலியா?

வனஜா: புக்க வெட்டறது யாருங்க? நான்தான. கத்தி வைக்கறதுக்கு முன்னாடி கடைசி பக்கத்த படிச்சுடுவேன். இதுக்கு மட்டும் இல்ல, கண்ணாலம் ஆனதுலேர்ந்து எல்லா புக்குக்கும். சட்டம் உங்களுக்குத்தான். அம்சவேணி அந்தக் கதவத் தாண்டி திரும்பி வரலன்னு எனக்கு மொதல்லயே தெரியும். நீங்க அவள சாக வுடறீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன்... போங்க, போயி போஹா சாப்பிடுங்க. அந்தத் துண்ட எந்த டப்பாவுல ஒளிச்சு வச்சிருக்கீங்களோ, எடுத்து வைங்க. வீட்டுக்கு வந்து நான்தான தைக்கணும்.