இருபத்தெட்டாவது குழாய்

அய்யய்யோ, எந்திரிக்காதீங்க சோணை அண்ணே. நான் ஒண்ணும் பெரிய ஆபீசர் இல்ல. துளசிராம்னு பேரு. குடிதண்ணித் திட்டத்துக்குக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுற கம்பெனியில வேலை பாக்குறேன். அக்கா தூங்குறாங்களா? தூங்கட்டும், எழுப்பாதீங்க. கால்ல கம்பி வச்சிருக்காங்களாமே, டாக்டர் என்ன சொல்றாரு? நடக்கிறதே சந்தேகம்ங்கிறாரா...

கும்பிடாதீங்கண்ணே, சத்தியமா வேணாம். ஆமா, உங்க தெரு முக்குல தோண்டச் சொன்னது நான்தான். ரோடு போட்டவன் வால்வு மேலயே தாரை ஊத்திட்டுப் போயிருக்கான், அது பாதி மூடுனபடியே கெடந்துருக்கு. தோண்டித் தொறக்க முக்கா மணி நேரம்கூட ஆகல. இப்பத் தண்ணி பிச்சுக்கிட்டு அடிக்குதுன்னு சொன்னாங்க.

எப்படிக் கண்டுபிடிச்சேனா? அது வந்துண்ணே, ஊருல ஓடுற குழா பூராத்தையும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு வச்சிருப்போம். எந்தத் தெருவுல தண்ணி எம்புட்டு வேகமா வரும்னு அது ஒரு நம்பர் சொல்லும். அது நெசந்தானான்னு தெருக் குழாயில தண்ணி அழுத்தம் காட்டுற கேஜை மாட்டிப் பாக்கணும். ரெண்டும் பொருந்தலைன்னா, ஏன்னு தேடிப் போகணும். வேலையே அதுதான்.

விடியக்காலம் தண்ணி விடுற நேரத்துக்கு வண்டியில கேஜைக் கட்டிக்கிட்டு அலைஞ்சேன். இருபத்தேழு குழா பொருந்திருச்சு. உங்க தெருக் குழா மட்டும் சண்டித்தனம். கம்ப்யூட்டர் பதினொண்ணுங்குது, கேஜ்ல முள்ளு நாலைத் தாண்ட மாட்டேங்குது. மூணு தடவை கழட்டி மாட்டிப் பாத்தேன். அக்காதான் குடத்தோட நின்னாங்க. இது எப்பவும் இப்படித்தான் தம்பி, நாங்க திண்டுக்கல் ரோட்டைத் தாண்டிப் போயி அடிபம்புல பிடிச்சிக்கிறோம்னு சிரிச்சாங்க. குடிக்க மோர் குடுத்தாங்கண்ணே.

எங்கயோ வால்வு மூடிக் கெடக்குன்னு அப்பவே தோணுச்சு. ஆனா ரோட்டைத் தோண்டணும்னா லெட்டரு, அனுமதின்னு ரெண்டு வாரம் நாயா அலையணும். திங்கக்கெழமை ரிப்போர்ட் குடுக்கணும். இருபத்தெட்டும் பொருந்திட்டா அம்சமா இருக்குமேப்பான்னு எங்க சார் சும்மாதான் சொன்னாரு. அவரு மேல பழி போடல.

கேஜு பழசு, அதான் தப்பாக் காட்டுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இருபத்தேழு குழாய்க்குச் சரியாக் காட்டுன கேஜு!

போன வியாழக்கெழமை பேப்பர்ல பாத்தேன். ரோட்டைத் தாண்டுன பொம்பளை மேல லாரி மோதுச்சுன்னு சின்னதாப் போட்டிருந்தான். உங்க தெரு பேரும் இருந்துச்சு. மறுநாளே ஆளைக் கூட்டிட்டு வந்து தோண்டிட்டேன். ஒரு பய அனுமதி கேக்கலண்ணே.

இல்ல இல்ல, குழாயில கேஜ் மாட்டிப் பாத்தது இந்த வாரம் இல்லண்ணே. போன வருசம் சித்திரையில. ரிப்போர்ட்ல நாலை அடிச்சிட்டுப் பதினொண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டேன்.